நாலாவது சக்கரத்துச் சந்தனம்

சக்கரம் மாட்டுகிற தொழிலில் நல்ல வேலைக்கு ஒரே அடையாளம், அதற்குப் பிறகு எதுவும் நடக்காமல் இருப்பதுதான். எதுவும் நடக்கவில்லை என்று யாரும் திரும்பி வந்து கைகொடுப்பதில்லை. ஏதாவது நடந்துவிட்டால் வருவார்கள். சில சமயம் அவர்களுக்குப் பதிலாக வேறு யாராவது வருவார்கள்.

நான் குத்துக்கல்வலசையில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருடமாக இருக்கிறேன். மெக்கானிக்கல் என்ஜினியரிங் படித்தவன். எங்கள் வீட்டில் கறுப்பு அங்கி போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்ட முதல் ஆள். உங்களிலும் என்னைப் போன்றவர்கள் இருப்பீர்கள்: வீட்டில் முதல் பட்டதாரி, வேலையிடத்தில் கடைசி ஆள். சரியானது எது என்று தெரியும். அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் வேறு எதையாவது சொல்லிவிடுவோம். உங்களை நினைத்துக்கொண்டுதான் இந்தச் சம்பவங்களை எழுதுகிறேன். எல்லாமே ஒரே ஒரு காரைப் பற்றியவை.

நாலரைச் சுற்று

ஆறுமுகம் சார் இலஞ்சிக்காரர். போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கறுப்புக் காண்டசா உண்டு. நீள மூக்கும் அகலத் தோளுமாக அது ரோட்டில் வந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்கிப் போவதுபோல இருக்கும். நம் ஊர் மஸில் கார் என்று பையன்கள் அதைப் படம் எடுத்துப் போடுவார்கள். துபாயில் இருக்கும் மாப்பிள்ளை அதற்கு அகலமான அலாய் சக்கரங்கள் நாலு அனுப்பியிருந்தார். மகள் உமா புனலூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதம். அங்கே வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்காக அவளை இலஞ்சிக்கு அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளை அனுப்பிய சக்கரத்தில்தான் சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்குவேன் என்று சார் சொல்லிவிட்டார். கையில் பதினோரு நாள் இருந்தது.

சக்கரத்தைக் காரோடு பிடித்து வைத்திருப்பவை ஸ்டட் என்கிற தடித்த போல்ட்டுகள். அவற்றின் மேல் சக்கரத்தை மாட்டி, நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். புதுச் சக்கரத்தின் நடுப்பகுதி பழைய இரும்புச் சக்கரத்தைவிட நல்ல தடிமன். அதனால் ஸ்டட் வெளியே கொஞ்சம்தான் எட்டிப் பார்த்தது. நான் ஒரு நட்டைக் கையால் ஏற்றி எண்ணினேன். நாலரைச் சுற்றில் நின்றுவிட்டது. எட்டுச் சுற்றாவது ஏறினால்தான் அது பிடிப்பு. நீளமான ஸ்டட் வாங்கி நாலு சக்கரத்துக்கும் மாற்றாமல் வண்டியை வெளியே விட முடியாது என்று சாரிடம் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நட்டைத்தான் பார்த்தேன்.

அவரும் குனிந்து நட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "முப்பத்தஞ்சு வருசம் நான்தான் எல்லா வண்டியையும் நிப்பாட்டுனேன். என் வண்டிய நிப்பாட்டுன மொத ஆளு நீதாம்லே."

கால் மில்லி

ஸ்டட்டுகள் கொரியரில் வந்தன. நீளம் சரி, நட்டு ஏறுகிற மரையும் சரி. ஆனால் ஸ்டட்டின் கழுத்தில் பல்பல்லாக வரிகள் இருக்கும். அந்தப் பற்கள்தான் துளையைக் கடித்துக்கொண்டு ஸ்டட்டைச் சுற்றவிடாமல் வைக்கின்றன. அந்த இடம் எங்களுக்கு வேண்டியதைவிடக் கால் மில்லி மெலிந்திருந்தது. கால் மில்லி என்பது கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை. வெர்னியர் அளவுகோலில் அளந்துவிட்டு, நாமே தப்பாக அளந்திருக்கக் கூடாதா என்ற ஆசையில் மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் கால் மில்லிதான்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மூத்த மெக்கானிக் சுடலைமுத்து அண்ணாச்சி. எந்த என்ஜினையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். நான் அவரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். "இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கியே. பின்னால ஒரு டாக் வெல்டிங் வச்சிருவோம். சாவுற வரைக்கும் சுத்தாது," என்றார். பதமேற்றிய இரும்பில் வெல்டிங் சூடு பட்டால் அதன் பலம் போய்விடும், ஒருநாள் தலை அறுந்து விழும் என்று நான் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கி, காலேஜ் நோட்டில் இருந்த வரியைப் போல முடித்தேன். அண்ணாச்சி சிரித்தார். முதலாளி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஆறுமுகம் சார் டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, யாரு சாவுற வரைக்கும்னு அண்ணாச்சிட்டக் கேட்டுச் சொல்லு," என்றார்.

வடகரையில் கேட்ட கேள்வி

சரியான ஸ்டட் வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா வடகரையில் தேங்காய் லோடு ஏற்றுகிறவர். என்ன ஆச்சு என்று கேட்டார். போல்ட், நட்டு, கால் மில்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கிண்டலே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் இதைக் கேட்டார்: "நட்டு முறுக்குதது நாலு வருசப் படிப்பாப்பா?"

பல்லி

புது ஸ்டட்டுகள் கச்சிதமாக உட்கார்ந்தன. நட்டு ஒன்பது சுற்று ஏறியது. அந்த ஒன்பதை எண்ணியபோது எனக்கு வந்த நிம்மதியை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வீல் நட்டு இறுக்குகிற முறை இதுதான்: ஸ்பானரில் நீளமான பைப்பைச் சொருகி, அண்ணாச்சி அதன் மேல் ஏறி நிற்பார். அவருக்குத் திருப்தி வந்தால் இறங்குவார். முதலாளி எப்போதோ வாங்கிய டார்க் ரெஞ்ச் ஒன்று உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். காண்டசாவுக்கு அதைத்தான் பயன்படுத்துவேன் என்று கேட்டு வாங்கினேன். ஒத்திகைக்கு ஒரு முன்சக்கரத்தை மாட்டி முதல் நட்டை இறுக்கினேன். டிக் என்றது. நிறுத்தினேன்.

அண்ணாச்சி குனிந்து ரெஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பல்லி சொன்னா வேலைய நிப்பாட்டுததுக்கு நீ என்ன சகுனம் பாக்கவாலே வந்த?"

நல்ல நேரம்

புதன்கிழமை வளைகாப்பு. செவ்வாய் காலை வண்டியை ஒப்படைக்கிற நாள். ஆறுமுகம் சாரோடு அவர் மனைவி சண்முகவடிவு அம்மாவும் வந்திருந்தார். கையில் ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தில் சந்தனம், காகிதத்தில் குங்குமம். நாலு சக்கரமும் இன்னும் மாட்டாமல், சக்கரத்தைத் தாங்குகிற டிரம் நாலும் புது ஸ்டட்டோடு பளபளவென்று இருந்தன. எல்லோரும் வெளியில் பொட்டு வைப்பார்கள். அந்த அம்மா சொன்னார், "வெளிய வச்சா சாரலுக்குக் கரைஞ்சிரும். உள்ள வச்சா பிள்ளை வீடு வந்து சேருத வரைக்கும் இருக்கும்." சொல்லிவிட்டு, சக்கரம் வந்து அமர்கிற இடத்திலேயே, ஒவ்வொரு டிரம்மிலும் மூன்று விரல் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். நல்ல கெட்டிச் சந்தனம்.

சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. பெயின்ட் இருந்தால்கூடச் சுரண்டி எடுக்க வேண்டும். உலோகத்தின் மேல் உலோகம் அமர வேண்டும். நடுவில் இருக்கிற பண்டம் காய்ந்து நொறுங்கினால், எவ்வளவு இறுக்கியிருந்தாலும் நட்டுத் தளர்ந்துவிடும். இதை நான் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். மகளை நினைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டு நிற்கிற ஒருவரிடம், உங்கள் சந்தனத்தைத் துடைக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? அவர் கை கழுவப் போனபோது பழைய துணியால் அவசர அவசரமாகத் துடைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதுக்கு, பின்பக்கம் இடதுக்கு, நான் போவதற்குள் அண்ணாச்சி சக்கரத்தைத் தூக்கி மாட்டி நட்டைக் கையால் ஏற்றிவிட்டார்.

"அண்ணாச்சி, அதக் கழட்டணும்," என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார். நான் நாலு சக்கரத்தையும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். நாலும் டிக் என்றன. பின்பக்கம் இடதும் அதே டிக். ஜாப் கார்டில் சிவப்பு மையால், 'ஐம்பது கிலோமீட்டரில் கட்டாயம் மறுபடி இறுக்க வேண்டும்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். வாயால் சொல்ல வேண்டியதைக் கையால் எழுதினேன். இன்று மாலையே அங்கே இங்கே ஓட்டிவிட்டு நாளைக் காலை கொண்டுவாருங்கள், பார்த்துவிடுகிறேன் என்றும் சாரிடம் கெஞ்சினேன்.

அவர் சாவியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "புதுச் சக்கரம் மொதல்ல சம்பந்தி வீட்டுக்குத்தான் உருளணும். சும்மா ஊரச் சுத்துததுக்கு நான் என்ன எலெக்சனுக்கா நிக்கேன்?"

போன்

புதன்கிழமை காலையிலிருந்து நான் எந்த வேலையையும் உருப்படியாகச் செய்யவில்லை. இலஞ்சியிலிருந்து புனலூர் அறுபது கிலோமீட்டருக்குப் பக்கம். போகும்போது மலை ஏற்றம். வரும்போது ஆரியங்காவிலிருந்து புளியரை வரை இறக்கம், வளைவுக்கு வளைவு பாரம் வெளிச்சக்கரத்தில் விழும். பின் சீட்டில் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி இருப்பாள். மத்தியானம் சாருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. புனலூரில் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் ஐந்து நிமிடம் நிறுத்தி, முக்கியமாகப் பின்பக்கம் இடது சக்கரத்தை இறுக்கச் சொல்லுங்கள் என்றேன். ஏன் அது மட்டும் என்று கேட்டார். காரணத்தைச் சொல்லக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அது. பொதுவாகப் பின்சக்கரத்துக்குப் பாரம் அதிகம் சார் என்றேன்.

"சம்பந்தி வீட்டு ஆளுக பாக்கும்போது, அவுக மகன் குடுத்த சக்கரத்த ஜாக்கி வச்சுத் தூக்கச் சொல்லுதியா?" என்றார். போகிற வழியில் நிறுத்துங்கள் என்றேன். போன் கைமாறியது. சண்முகவடிவு அம்மா பேசினார், கோபமே இல்லை: "சூலிப்பிள்ளைய ஏத்திட்டா வீடு போய்ச் சேருத வரைக்கும் வண்டி நிக்கப்பிடாது, தம்பி."

போகாதே

டார்க் ரெஞ்சைத் துண்டில் சுற்றி, ஜாக்கியையும் எடுத்துப் பைக்கில் கட்டினேன். கேரள எல்லையில் உள்ள ஆரியங்காவு செக்போஸ்ட்டில் எந்த வண்டியும் நின்றுதான் ஆக வேண்டும், அதுவும் ரிட்டயர்டு போலீஸ்காரர் அங்கே நின்று இரண்டு வார்த்தை பேசாமல் வர மாட்டார் என்று ஒரு கணக்கு. அண்ணாச்சியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். பொட்டு இருந்தது தெரியும் என்றார். "ஆயுத பூசைக்கு வருசா வருசம் வைக்கோம், எந்த வண்டி கவுந்துச்சு?" என்று கேட்டார். அது வெளியே அண்ணாச்சி, இது உள்ளே என்றேன். அவர் முகம் மாறியது. அவருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

பைக்கின் முன்னால் வந்து நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்: "போகாதலே. நீ போனாத்தான் தப்பு நம்மளுதுன்னு ஆவும்."

செக்போஸ்ட்

செங்கோட்டை தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. மலையில் ஒவ்வொரு வளைவிலும் ஓரத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனேன். உடைந்த சுவர், ஒடிந்த செடி, கூடி நிற்கிற ஆட்கள். எதுவும் இல்லை. எதுவும் இல்லாத ஒவ்வொரு வளைவும் அடுத்த வளைவைப் பற்றிப் பயமுறுத்தியது. செக்போஸ்ட்டுக்கு எதிரே டீக்கடை ஓரத்தில் நனைந்துகொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். காண்டசா வந்தது. நாலு சக்கரமும் இருந்தன. கறுப்புக் காரும் வெள்ளிச் சக்கரமுமாக, சத்தியமாக, அழகாகத்தான் இருந்தது.

சார் என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். நான் எதுவும் சொல்லாமல் தரையில் முட்டி போட்டுவிட்டேன். பேசினால் மூன்றாம் தடவையும் மழுப்பிவிடுவேன் என்று பயம். முன்பக்கம் இரண்டும் ரெஞ்சு வைத்த உடனே டிக் என்றன. பின்பக்கம் வலதும் அப்படியே. இடதில் முதல் நட்டு அரைச் சுற்று போனது, டிக் வரவில்லை. இரண்டாவது அதற்கு மேலும் போனது. மூன்றாவதற்கு ரெஞ்சே வேண்டியிருக்கவில்லை. விரலால் பிடித்துத் திருப்பினேன், ஜாடி மூடியைப் போலத் திரும்பியது. சார் கதவைத் திறந்து இறங்கி வந்து அதைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் விபத்துகளுக்குக் கணக்கு எழுதியவர். அந்த நட்டை அவரும் ஒரு தடவை விரலால் திருப்பிப் பார்த்தார்.

பின் சீட்டில், இரண்டு கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த உமா தலையை வெளியே நீட்டினாள். "தென்மலை தாண்டுனதுல இருந்து இந்தப் பக்கம் கடக்கு கடக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுண்ணே. அப்பாட்டச் சொன்னேன். புதுச் சக்கரம் அப்படித்தான் பேசும்னாங்க."

யார் காப்பாற்றியது

மேலாக இறுக்கி அனுப்பியிருந்தால் அதே தப்பை இரண்டாம் தடவை செய்ததாக இருந்திருக்கும். உமாவை டீக்கடை நாற்காலியில் உட்காரவைத்து, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். கடைக்காரர் "எந்தா மோனே, வண்டி பணியாணோ?" என்று மலையாளத்தில் வண்டிக் கோளாறை விசாரித்தபடி அவளுக்குக் குடை பிடித்தார். உள்ளே சந்தனம் காய்ந்து, வெடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. குங்குமம் சக்கரத்தின் முதுகில் வட்டமாக ஒட்டியிருந்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றைத் துடைத்தேன், இதைத் துடைக்க முடியவில்லை, உங்களிடம் சொல்லப் பயந்தேன், போனிலும் மறைத்தேன், என் தப்பு.

சண்முகவடிவு அம்மா கிட்டே வந்து அந்தக் குங்கும வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் அந்தப் பொடியைக் கிள்ளி எடுத்து மகள் நெற்றியில் இட்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீகளா, நட்டெல்லாம் கழண்டும் பொட்டு இருந்த சக்கரம் விழாம நின்னுருக்கு. மத்த மூணுலயும் இந்தப் பையன் தொடைச்சுட்டானே, அதுல எதுவும் கழண்டுருந்தா நம்ம கதி என்ன?"

கிண்ணம்

துடைத்து, மாட்டி, இறுக்கி, டிக் கேட்டு அனுப்பினேன். இறக்கம் முழுவதும் பின்னாலேயே பைக்கில் வந்தேன். அவர்கள் இலஞ்சி வீட்டு வாசலில் ஆரத்தி எடுப்பதைத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். உமாவுக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம். அந்த வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்த இனிப்புப் பெட்டியை முதலாளி திறந்தார். அதோடு கதையும் வந்திருந்தது. அதில் என்ஜினியர் இறுக்கிய நட்டுக் கழன்றுவிட்டது, அம்மா வைத்த பொட்டுக் காப்பாற்றியது. ஊரில் இப்போது அந்தக் கதைதான். அது பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை; அந்த நட்டை இறுக்கியது நான்தானே.

இப்போது அலமாரியில் டார்க் ரெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சந்தனக் கிண்ணம் இருக்கிறது. சக்கர வேலைக்கு வருகிறவர்கள் 'உள்பொட்டு' கேட்கிறார்கள். நான் அவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, சக்கரத்தை மாட்டி இறுக்கிய பிறகு, சக்கரத்தின் நடு மூடிக்கு அடியில், சக்கரமும் டிரம்மும் சேர்கிற இடத்தில் படாமல் பார்த்து வைக்கிறேன். உள்ளேதான் வைத்தாயா என்று கேட்டால், உள்ளேதான் என்கிறேன். அது பொய்யா இல்லையா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. போன வாரம் ஒருவர் அண்ணாச்சியிடம், நீங்களே வைத்துவிடுங்கள் என்று கிண்ணத்தை நீட்டினார். அண்ணாச்சி என் பக்கம் கை காட்டினார்: "அவன் வைக்கட்டும். அதுக்குத்தான் படிச்சிருக்கான்."

நாலு வருடம் படித்த படிப்பை இந்த ஊர் கடைசியில் நம்பிவிட்டது, நட்டு விஷயத்தில் மட்டும் இன்னும் இல்லை.